இருக்குமிடம் அறிய இரண்டு பேட்டரி!

அதியமான்கோட்டையில் பிறந்து வளர்ந்த ஒருவன், மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் கிழக்கே நீலமாய்ப் பார்த்துக்கொண்டிருந்த மலையிலேயே வழி தெரியாமல் ராத்திரி ஒன்பது மணி வரை அல்லாடினான் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். என் மனைவி ஒரு வருஷமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

2024 ஜனவரி. பொங்கல் லீவு முடிந்த சனிக்கிழமை. தர்மபுரியில் எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டு சாருக்கு ரிட்டயர்மென்ட் அடுத்த வருஷம் மே மாதம். ரிட்டயர் ஆகப்போகிறவர்களுக்குக் காசி, ராமேஸ்வரம் என்று ஆசை வரும். இவருக்கு வந்த ஆசை, வத்தல்மலைக்கு நடந்து ஏறவேண்டும் என்பது.

"ரோடுதான் போட்டாச்சே சார், பைக்ல போனா ஒரு மணி நேரம்" என்றேன்.

"ரோட்டுல போறதுக்கு நீ எதுக்குய்யா? எங்கப்பா போன பாதையில போகணும்."

அவருடைய அப்பா எழுபதுகளில் மலைமேல் ஒரு ஓராசிரியர் பள்ளியில் வாத்தியார். திங்கட்கிழமை விடியற்காலை அரிசி மூட்டையையும் சாக்பீஸ் டப்பாவையும் தூக்கிக்கொண்டு அடிவாரத்திலிருந்து ஏறுவார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறங்குவார். பதினோரு வருஷம். பாதி வழியில் ஒரு சுமைதாங்கிக் கல் உண்டாம். ஐந்து வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து அது வரைக்கும் ஒரு தடவை போயிருக்கிறார் சூப்பிரண்டு சார். அதற்கு மேல் போகவில்லை. அழுதார் என்று இறக்கிவிட்டார்களாம்.

இதைக் கேட்ட பிறகு மாட்டேன் என்று சொல்ல நான் என்ன கல்லா? எங்கள் டைப்பிஸ்ட் தம்பியையும் சேர்த்துக்கொண்டு மூன்று பேரும் கிளம்பினோம்.

தம்பி சொன்னான்: "அண்ணே, போன்ல மேப் இருக்கு. உலகமே உள்ள இருக்கு."

உலகம் இருந்தது. வத்தல்மலை இல்லை. ரோடு வந்த பிறகு அந்தப் பாதையில் ஆள் நடமாட்டம் நின்றுபோய், உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு வளர்ந்து மூடிவிட்டது. முக்கால் மணி நேரத்தில் சிக்னல் போனது. போனை எடுத்துப் பார்த்தால் நீலப் புள்ளி அழகாக, அசையாமல் நிற்கிறது. சுற்றிலும் ஒன்றுமே இல்லை, வெள்ளைச் சுவரில் ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டு மாதிரி. நாம் இருக்கும் இடம் அதற்குத் தெரிகிறது. அந்த இடம் எங்கே இருக்கிறது என்பது தெரியவில்லை!

இறங்கலாம் என்று திரும்பி, ஒரு ஓடையைப் பிடித்து, அது பக்கத்துப் பள்ளத்துக்குள் இட்டுச்சென்று, மூங்கிலில் மாட்டி... ஆறரைக்கு இருட்டிவிட்டது. மூன்று போன்களையும் டார்ச்சாகப் பயன்படுத்தியதில் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின. அதுவரை சிரிப்பாகத்தான் இருந்தது. அப்புறம் சூப்பிரண்டு சார் ஒரு பாறையில் உட்கார்ந்தார். கை நடுங்குகிறது, சட்டை தெப்பமாய் நனைந்திருக்கிறது, "இது எந்த ஆபீஸ்?" என்று கேட்டார்.

அவருக்குச் சர்க்கரை. மாத்திரை போட்டுக்கொண்டு மத்தியானம் இரண்டு வாய் புளிசாதம்தான் சாப்பிட்டிருந்தார். தம்பியின் சட்டைப் பையில் சில்லறைக்குப் பதில் கடைக்காரர் கொடுத்த இரண்டு மிட்டாய் இருந்தன. அந்த இரண்டு மிட்டாயை நான் எந்தக் கோயில் பிரசாதத்தையும் வாங்காத பக்தியோடு வாங்கி அவர் வாயில் போட்டேன். கால் மணி நேரம் கழித்து, "என்னய்யா, இவ்வளவு இருட்டா இருக்கு" என்றார். எனக்கு உயிர் வந்தது.

எட்டரை மணிக்கு, காணாமல் போன மாட்டைத் தேடிவந்த ஒருவர் எங்களைக் கண்டுபிடித்தார். மாட்டுக்குப் பதில் நாங்கள் கிடைத்ததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் இறக்கிவிட்டு, வீட்டில் வெல்லம் போட்டுக் கேழ்வரகுக் கூழும் கொடுத்தார். ஐநூறு ரூபாயை நீட்டினால், "மாட்டைக் கண்டா சொல்லுங்க, அது போதும்" என்றார்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். வனத்துறையிடம் அனுமதி வாங்காமல் போனோம். தப்புதான். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனதைப் பேப்பரில் படித்து உச்சுக் கொட்டியவர்கள்தான் நாங்கள் மூவரும். உச்சுக் கொட்டிவிட்டு நம்ம ஊர் மலைதானே என்று போயிருக்கிறோம்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி இரண்டே வாக்கியம் பேசினாள். "அடுத்த தேய்பிறை அஷ்டமிக்குப் பைரவர் கோயில்ல பூசணிக்காய் விளக்கு போடறேன். இனிமே வழி தெரியாத இடத்துக்கு வழி தெரிஞ்சுக்கிட்டுப் போங்க." போகக்கூடாது என்று சொல்லவில்லை, கவனியுங்கள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவள் எனக்குக் கொடுத்த மிகப் பெரிய சலுகை அது. ஆக, கையில் பிடிக்கும் ஜிபிஎஸ் கருவி ஒன்று வாங்குவது என்று குடும்ப நிதிக்குழுவில் தீர்மானமாயிற்று.

ஆபீஸில் செய்தி பரவியது. நம் ஆபீஸ்களில் பிரிட்ஜ் வாங்கப்போகிறேன் என்றாலே பத்து நிபுணர்கள் முளைப்பார்கள். ஜிபிஎஸ் என்றால் கேட்கவேண்டுமா? "போன்லயே இருக்கறப்ப அதுக்கு எதுக்குத் தனியா பணம்?" என்றார் கணக்குப் பிரிவுக்காரர். "நம்ம நாட்டுது, நாவிக் வர்ற மாதிரி வாங்குங்க சார்" என்றார் இன்னொரு தேசபக்தர். ஒருவர், "அதுல ஆபீசருங்க எங்க இருக்காங்கன்னு தெரியுமா?" என்று ஆவலாகக் கேட்டார்.

முதல் கேள்வி நியாயமானது. நானும் இரண்டு மாதம் படித்துப் பார்த்தேன். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அமெரிக்க செயற்கைக்கோள்கள், "இப்போது மணி இத்தனை, நான் இந்த இடத்தில் இருக்கிறேன்" என்று ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. அந்தச் சேதி நம் கைக்கு வர ஒரு விநாடியில் நூறில் ஏழு பங்குதான் ஆகிறது. வந்த நேரத்தைக் கணக்குப் போட்டால் தூரம். நாலு செயற்கைக்கோள் கிடைத்தால் நம் இடம், உயரம் எல்லாம் கிடைத்துவிடும். கடிகாரம் ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால்கூட முந்நூறு மீட்டர் தப்பிப்போகும். அதனால்தான் மேலே அணுக் கடிகாரம் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆபீஸ் சுவர்க் கடிகாரத்தை மேலே அனுப்பியிருந்தால் வத்தல்மலை வங்காள விரிகுடாவில் போய் நின்றிருக்கும்.

இந்த வேலையைப் போனும் செய்கிறது. அதற்குச் சிக்னலே வேண்டாம். டவர் இல்லாத இடத்திலும் நீலப் புள்ளி சரியாகத்தான் நின்றது, ஞாபகமிருக்கிறதல்லவா? எங்களைக் கைவிட்டது வீட்டிலேயே மேப்பை இறக்கி வைத்துக்கொள்ளாத எங்கள் சோம்பேறித்தனம். அப்படியானால் தனிக் கருவி எதற்கு? நான் கண்ட காரணம், பேட்டரி. போன் ஒரே நேரத்தில் டார்ச், கேமரா, ரேடியோ, மாமியாருக்குப் பதில் சொல்லும் கருவி எல்லாமாக இருக்கிறது. சாயங்காலத்துக்குள் செத்துப்போகிறது. வியர்த்த விரலால் தேய்த்தால் அசையாது. உச்சி வெயிலில் திரை கண்ணாடியாகி நம் முகத்தைத்தான் காட்டும். கார்மின் கம்பெனியின் ஈட்ரெக்ஸ் மாதிரிக் கருவியில் பொத்தான்கள் இருக்கின்றன, திரை வெயில் பட்டால் இன்னும் தெளிவாகத் தெரிகிறது, இரண்டு டபுள் ஏ பேட்டரி போட்டால் ஓடும். அதாவது அதியமான்கோட்டைப் பெட்டிக்கடையில் கிடைக்கிற பென்சில் செல். சார்ஜர் தேடி அலையவேண்டாம்.

இந்த ஒன்றுக்காகவே ஈட்ரெக்ஸ் என்று முடிவு செய்தேன். அதிலும் குடும்பம் பெரிசு. 2023-ல் வந்த எஸ்இ மாடல் இரண்டு பேட்டரியில் 168 மணி நேரம் ஓடும் என்கிறார்கள். ஒரு வாரம்! ஆனால் அதில் மேப் வராது. அம்புக்குறியும் தூரமும் மட்டும் காட்டும். 'உங்கள் கல் வடகிழக்கே 800 மீட்டர்' என்று சொல்லும். நடுவில் பள்ளம் இருப்பதைச் சொல்லாது. பள்ளத்தைப் பற்றி நமக்குத்தான் அனுபவம் உண்டே. 22எக்ஸ் என்கிற மாடலில் மேப் ஏற்றிக்கொள்ளலாம், 25 மணி நேரம் ஓடும். 32எக்ஸ்-ல் காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் வசதியும், நின்ற இடத்திலேயே திசை காட்டும் காந்த ஊசியும் கூடுதல். 22எக்ஸ்-ல் திசை தெரிய நாலடி நடக்கவேண்டும். நடக்கத்தானே போகிறோம், பரவாயில்லை என்று அந்தப் பணத்தை மிச்சம் பிடித்தேன். தவிர, நான் வாங்கியது செகண்ட் ஹாண்ட்.

தேசபக்தருக்கும் பதில் சொல்லவேண்டும். நம் இஸ்ரோ 2013-லிருந்து 2016-க்குள் ஏழு செயற்கைக்கோள்களை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பி நாவிக் என்று பெயர் வைத்தது. வெளிநாட்டிலிருந்து வாங்கிப் பொருத்திய அணுக் கடிகாரங்கள் பல பழுதாகி, 2023 மே மாதம் அனுப்பிய செயற்கைக்கோளில்தான் நாமே செய்த அணுக் கடிகாரம் ஏறியது. நாவிக் வாங்கும் போன்கள் உண்டு. ஐபோன் 15 ப்ரோவிலேயே இருக்கிறது. என் பட்ஜெட்டில் இருந்த கருவியில் இல்லை. தேசத்தின் மீது எனக்குள்ள பற்றில் சந்தேகம் வேண்டாம், பையில் பணம் இல்லை, அவ்வளவுதான்.

இந்த நேரத்தில் என் சித்தப்பா பையன் அமெரிக்காவிலிருந்து போன் செய்தான். டிசம்பரில் வருகிறானாம். "அண்ணா, இன்ரீச்னு ஒண்ணு இருக்கு. காட்டுல மாட்டிக்கிட்டா பட்டனை அமுக்கு, செயற்கைக்கோள் வழியா ஆபத்துன்னு சேதி போயிடும். அண்ணி போனுக்கே மெசேஜ் அனுப்பலாம். வாங்கிட்டு வரேன்."

எனக்கு வாயில் எச்சில் ஊறியது. அந்த ராத்திரி பாறையில் அப்படி ஒரு பட்டன் இருந்திருந்தால்? சரி என்று சொல்லிவிட்டேன். நல்லவேளை, எங்கள் டைப்பிஸ்ட் தம்பி எதையும் இரண்டு தடவை படிக்கிறவன். "அண்ணே, வேண்டாம். இது இங்க கேஸ்" என்றான்.

கேஸ்தான். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் போனோ, சேதி அனுப்பும் கருவியோ வைத்திருக்கக்கூடாது. 1885 தந்திச் சட்டம், 1933 கம்பியில்லாத் தந்திச் சட்டம் என்று தாத்தா காலத்துச் சட்டங்களை எடுத்து நீட்டுவார்கள். 2008 மும்பைத் தாக்குதலுக்குக் கடல் வழியாக வந்தவர்களிடம் ஜிபிஎஸ்ஸும் செயற்கைக்கோள் போனும் இருந்ததை மறந்துவிட முடியுமா? அதற்கப்புறம் கெடுபிடி அதிகம். நான் பேசிய அதே 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் கனடாவிலிருந்து வந்த ஒரு பெண், பையில் இன்ரீச் வைத்திருந்ததற்காகப் போலீஸில் சிக்கினார். அவரும் மலைப்பாதையில் ஓடுகிறவர்தான். சித்தப்பா பையன் பதறிப்போய்ப் பார்சலைத் திருப்பினான். எனக்குப் பதிலாகச் சாக்லேட் வந்தது.

ஆகவே, மலையேறப் போகிற ஆபீஸ் நண்பர்களே, கடையில் கேட்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது கேட்க மட்டும் செய்யுமா, பேசவும் செய்யுமா? கேட்பது மட்டும் என்றால் வாங்கலாம். நாம் எங்கே இருக்கிறோம் என்று நமக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது. அதற்கு, எந்த வழியாகப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், திரும்பாவிட்டால் யாருக்குப் போன் செய்யவேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதி மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போவதுதான் வழி. என் மனைவி அதைப் பிரிட்ஜ் கதவில் பால் கணக்குக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

கருவி வந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிறது, பழைய நோக்கியா போனுக்கு அண்ணன் மாதிரி. முதலில் மாடியில் நின்று, 'வீடு' என்று ஒரு பாயிண்ட் பதிந்தேன். அப்புறம் பைரவர் கோயில் வரை நடந்து அங்கே ஒரு பாயிண்ட். திரும்பி வரும்போது கருவியைப் பார்த்துக்கொண்டே வந்ததில் ஒரு டவுன் பஸ் என்னை உரசிக்கொண்டு போனது. பின்னாலேயே வந்த தெருக்காரர் ஒருவர், "என்னங்க, வீட்டுக்கே வழி மறந்துபோச்சா?" என்றார்.

முதல் நாள் கடையில் இருந்த மலிவு விலை பேட்டரியைப் போட்டேன். சாயங்காலத்துக்குள் உயிரை விட்டது. நல்ல ஆல்கலைன் பேட்டரியோ, திரும்பச் சார்ஜ் செய்யும் வகையோ போட்டால்தான் சொன்ன நேரம் ஓடுகிறது. எந்த வகை போட்டிருக்கிறோம் என்று மெனுவிலும் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் மிச்சம் எவ்வளவு என்பதைத் தப்பாகக் காட்டும்.

அடுத்து, பாதை. மூடிப்போன பாதையை எந்தப் புது மேப்பிலும் காணோம். சூப்பிரண்டு சாரின் மைத்துனர் ரிட்டயரான சர்வேயர். அவர் பரணிலிருந்து இந்திய நில அளவைத் துறையின் பழைய டோப்போ ஷீட்டை எடுத்துக் கொடுத்தார். எங்கள் ஊர் இருப்பது 57 எல்/4 எண் ஷீட்டில். 12 டிகிரி வடக்கு என்கிற கோடு ஊருக்குத் தெற்கே தொப்பூர் போகும் வழியில் குறுக்கே ஓடுகிறது. அதைத் தாண்டினால் ஷீட் எண் 58 ஆகிவிடும். தென்கிழக்கே ஒரு புள்ளியில் நாலு ஷீட்டுகள் மூலைக்கு மூலை முட்டிக்கொள்கின்றன. மலையில் நடக்கிறவன் எப்போதும் ஷீட்டின் ஓரத்தில்தான் நடக்கிறான் என்றார் மைத்துனர். தரையில் நாலையும் விரித்து முழங்காலிட்டுத் தேடினோம். சிவப்புப் புள்ளிகளாய் ஒரு ஒற்றையடிப் பாதை, அடிவாரத்திலிருந்து மேலே. சூப்பிரண்டு சார் விரலை வைத்து அதன்மேல் மெதுவாக நகர்த்தினார். ஒன்றும் பேசவில்லை.

1792-ல் திப்புவிடமிருந்து பாராமகால் கம்பெனிக்காரர்கள் கைக்கு வந்தபோது, ரீட் என்பவரும் அவருக்கு உதவியாளராய் வந்த தாமஸ் மன்றோவும் எங்கள் பக்கத்து நிலங்களை அளந்தார்கள். 1802-ல் லாம்ப்டன் சென்னை பரங்கிமலைப் பக்கத்தில் ஏழரை மைல் அடிக்கோடு அளந்து பெரிய சர்வேயைத் தொடங்கினார். அவருடைய கருவியின் எடை அரை டன். நானோ, 150 கிராம் கருவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அலுத்துக்கொள்கிறேன்.

அலுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஷீட்டிலிருந்து எங்கள் ஊர் ஏரிக்கரை மூலையின் எண்களை எடுத்துக் கருவியில் அடித்து, அங்கே போய் நின்றால், 'இன்னும் நூற்றுச் சொச்சம் மீட்டர்' என்கிறது! அதியமான்கோட்டை நகர்ந்துவிட்டதா? மைத்துனர்தான் விளக்கினார். பழைய ஷீட் 1830-ல் எவரெஸ்ட் கணக்கிட்ட பூமி வடிவத்தை வைத்து வரைந்தது. ஜிபிஎஸ் நினைக்கிற பூமி வேறு. மெனுவுக்குள் போய், எந்தப் பூமி என்பதை மாற்றிக்கொடுக்க வேண்டும். சமவெளியில் நூறு மீட்டர் என்றால் பக்கத்துத் தெரு. மலையில் அது பக்கத்துப் பள்ளம்.

தம்பி ஒரு தப்பு செய்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். 12.05 டிகிரி என்று அடிக்கவேண்டியதை 12 டிகிரி 05 நிமிஷம் என்று அடித்துவிட்டான். இரண்டும் ஒன்றுதானே என்றான். டிகிரிக்கு அறுபது நிமிஷம்; .05 டிகிரி என்பது மூன்று நிமிஷம்தான். வித்தியாசம் இரண்டு நிமிஷம், தரையில் கிட்டத்தட்ட 3.7 கிலோமீட்டர். வீட்டில் கண்டுபிடித்ததால் சிரித்தோம்.

2025 ஜனவரி கடைசி சனிக்கிழமை, வனத்துறை அனுமதியோடு, துணைக்கு அனுப்பிய வாட்சரோடு ஏறினோம். பிப்ரவரி பாதிக்கு மேல் தீக்காலம், விடமாட்டார்கள். சூப்பிரண்டு சாரின் பையில் சர்க்கரைப் பொட்டலம், பிஸ்கட், வெல்லம். ஒரு மளிகைக் கடையே இருந்தது. என் பையில் நாலு பேட்டரி உபரி. வாட்சர் கொடுவாளால் உண்ணியை வெட்டிக்கொண்டே முன்னால் போவார். நான் பின்னாலிருந்து "இடது பக்கம் முப்பது மீட்டர்ங்க" என்பேன். அவர் முதலில் என்னையும் கருவியையும் ஏற இறங்கப் பார்த்தார். மூன்றாவது தடவை வெட்டிய புதருக்குக் கீழே கல் பதித்த பழைய படி தெரிந்ததும், "பொட்டியைக் கொஞ்சம் காட்டுங்க" என்று வாங்கிப் பார்த்தார். போன தடவை நாங்கள் தப்பாகத் திரும்பிய ஓடை இடது கைப்பக்கம் இறங்கியது. பாதையிலிருந்து அறுபது அடிகூட இருக்காது.

பதினொன்றரை மணிக்குச் சுமைதாங்கிக் கல். இரண்டு கல் நட்டு மேலே ஒன்று படுக்கவைத்தது. ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சூப்பிரண்டு சார் தோளிலிருந்த பையை இறக்கி அதன்மேல் வைத்தார். அப்புறம் கொஞ்ச நேரம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நானும் தம்பியும் பேட்டரியைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தோம்.

"இதைப் பதிஞ்சுக்க முடியுமாய்யா?"

"முடியும் சார். என்ன பேர் போடட்டும்?"

கருவியை வாங்கிக்கொண்டார். அதில் தமிழ் எழுத்து வராது. முப்பத்தைந்து வருஷம் ஃபைலில் நோட் எழுதிய கை, சின்னப் பொத்தானைத் தள்ளித் தள்ளி ஆங்கிலத்தில் எழுத்தெழுத்தாகத் தேடியது. நாலே எழுத்து. அப்பா.

மேலே ஊர் வரை ஏறினோம், பள்ளிக்கூடம் இருந்த இடத்தைப் பார்த்தோம், காபி குடித்தோம், இறங்கும்போது ஜீப்பில் வந்தோம். முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்று சார் சொன்னார். என் முழங்காலும் அதை ஆமோதித்தது.

மே மாதம் அவர் ரிட்டயர் ஆகிவிட்டார். கருவி எங்கள் வீட்டு டி.வி.க்குப் பக்கத்தில் ரிமோட்டோடு ரிமோட்டாகக் கிடக்கிறது. இரண்டு தடவை என் பையன் சேனல் மாற்றப் பார்த்திருக்கிறான். மாதம் ஒரு தடவை சார் போன் செய்கிறார். பென்ஷன், பேரன், சர்க்கரை அளவு எல்லாம் பேசிவிட்டு, வைக்கிற நேரத்தில் கேட்பார்:

"அந்தப் பாயிண்ட் இருக்கில்ல?"

"இருக்கு சார். வீடு, பைரவர் கோயில், அதுக்குக் கீழ."

"பேட்டரி மாத்தினியா?"

"மாத்திட்டேன் சார்."